எஞ்சியவர்களின் கூலி

மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை எங்களை ஆஷ்வெல் என்ற ஊருக்குக் காரில் கூட்டிப்போனார். ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் வடக்கு ஓரத்தில் இருக்கும் சிற்றூர். அங்கே ஓர் ஊற்று உண்டு, அதைப் பார்க்கத்தான் போனோம். பேரன் தண்ணீரில் கல் போட்டு விளையாடிக்கொண்டிருந்தான். எனக்கு முழங்கால் வலி. எங்காவது உட்காரலாம் என்று பக்கத்தில் இருந்த செயின்ட் மேரி தேவாலயத்துக்குள் போனேன்.

உள்ளே, கோபுரத்தின் அடியில், வடக்குச் சுவரில் சில கீறல்கள். நம் ஊர்க் கோயில் மதில்களில் பையன்கள் கிறுக்கி வைப்பார்களே, அதுபோலத்தான் முதலில் தோன்றியது. அருகில் போய்ப் பார்த்தால் எழுத்துகள், அதுவும் லத்தீன். மெதுவான சுண்ணக்கல் சுவர் அது. கத்தி முனையால் அழுத்தினாலே பதியும். பொருள் என்ன என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

1350ஆம் ஆண்டைக் குறிப்பிட்டு, அது பரிதாபமும் கொடூரமும் நிறைந்த காலம் என்கிறது அந்த எழுத்து. சாட்சி சொல்ல மிஞ்சியிருப்பவர்கள் மக்களில் மிக மோசமானவர்கள் மட்டுமே என்கிறது. பிறகு இன்னொரு வரி. 1361இல் பெரும் புயல் ஒன்று அடித்ததாம். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் மார்ச் 25தான் புத்தாண்டு. அதனால் அவர்களின் 1361 ஜனவரி நம் கணக்குப்படி 1362 ஜனவரி.

எழுதியவர் யார் என்று பெயர் இல்லை. லத்தீன் தெரிந்தவர் என்பதால் ஒரு பாதிரியாராக இருக்கலாம். கொள்ளை நோயில் தப்பித்தவர்களில் அவரும் ஒருவர். ஆனாலும் தன்னைச் சுற்றி மிஞ்சியவர்களைப் பார்த்து ‘மோசமானவர்கள்’ என்று சுவரில் கீறிவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த ஒரு சொல் என்னை விடவில்லை. யார் அந்த மோசமானவர்கள்? தப்பித்த பிறகு அவர்கள் என்ன செய்தார்கள்? ஊர் திரும்பிய பிறகு பல மாதங்கள் இதைப் பற்றியே படித்தேன். படித்துக்கொண்டே போனபோது, நாற்பது வருடங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு அலுவலகக் குறிப்பு எதிரே வந்து நின்றது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கதையை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1300ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஏறக்குறைய 50 லட்சம் பேர் இருந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அன்றைய விவசாயத்துக்கு அது தாங்காத கூட்டம். நிலம் குறைவு, ஆள் அதிகம். கூலி கட்டட வேலைக்கே நாளுக்கு ஒன்றரை, இரண்டு பென்னிதான். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 1315 முதல் 1317 வரை விடாத மழையில் பயிர் அழுகிப்போய், வட ஐரோப்பா முழுவதும் பெரும் பஞ்சம் வந்தது.

கிராமத்து ஜனங்களில் பெரும்பகுதி பண்ணையடிமைகள். சந்தையில் விற்கப்படும் அடிமைகள் அல்ல. ஆனால் பிரபுவின் அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போக முடியாது. பிரபுவின் நிலத்தில் வாரத்தில் சில நாட்கள் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். மகளைக் கட்டிக்கொடுக்கப் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். குடும்பத்தலைவன் செத்தால் வீட்டில் இருக்கும் நல்ல மாட்டைப் பிரபு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். எல்லாம் பண்ணை மன்றத்தின் தோல் சுருள்களில் எழுதி வைக்கப்பட்டிருக்கும்.

இதற்கு நடுவே போர் வேறு. 1337இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டுக்கும் பிரான்ஸ் மன்னர் ஆறாம் ஃபிலிப்புக்கும் மூண்ட சண்டை, விட்டு விட்டு 1453 வரை நீண்டது. அதைத்தான் நூறாண்டுப் போர் என்கிறோம். 1346 ஆகஸ்டில் க்ரெஸி என்ற இடத்தில் பிரான்ஸின் குதிரைப்படை வீரர்களை, இங்கிலாந்தின் வில்லாளிகள் அடுக்கடுக்காகச் சாய்த்தார்கள். கவச உடையில் குதிரைமேல் இருந்தவர்கள் உயர்குடிப் பிரபுக்கள். வில் பிடித்தவர்கள் சாதாரணக் குடியானவர்கள். போர்க்களத்தில் மேல் கீழ் என்பது புரண்டு விழுந்ததைப் பலரும் கண்ணால் பார்த்தார்கள்.

அடுத்த ஆண்டு, 1347 அக்டோபரில், கருங்கடல் பக்கமிருந்து வந்த ஜெனோவா நாட்டுக் கப்பல்கள் சிசிலியின் மெஸ்ஸினா துறைமுகத்தில் ஒதுங்கின. பிளேக் கரை இறங்கியது. எலி, தெள்ளுப்பூச்சி, யெர்சினியா பெஸ்டிஸ் என்ற கிருமி என்று இன்று நமக்குத் தெரிகிறது. லண்டனில் ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டு என்ற இடத்தில் அன்று புதைக்கப்பட்டவர்களின் எலும்புகளிலும் பற்களிலும் அந்தக் கிருமியின் மரபணுவை 2011இல் உறுதி செய்திருக்கிறார்கள். அன்று யாருக்கும் எதுவும் தெரியாது. கடவுளின் கோபம் என்றார்கள், கெட்ட காற்று என்றார்கள், கிரகங்களின் சேர்க்கை என்றார்கள்.

1348 கோடையில் அது இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள மெல்கம் ரெஜிஸ் துறைமுகத்துக்கு வந்தது. இலையுதிர் காலத்தில் லண்டன். 1349 முடிவதற்குள் நாடு முழுவதும். அரண்மனையையும் விட்டுவைக்கவில்லை. கல்யாணத்துக்காக ஸ்பெயின் நோக்கிப் பயணம் போன எட்வர்டின் மகள் ஜோன், வழியில் போர்டோவில் இறந்துபோனாள். ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை செத்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. 1361இல் மறுபடி வந்தது. அந்தமுறை குழந்தைகளை அதிகம் கொண்டுபோனது. 1369, 1375 என்று திரும்பத் திரும்ப வந்தது. 1377இல் எடுத்த தலைவரிப் பட்டியலை வைத்துப் பார்த்தால், இங்கிலாந்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 25 லட்சமாகச் சுருங்கியிருந்தது. இரண்டு பேர் இருந்த இடத்தில் ஒருவர்.

சுவரில் ‘மோசமானவர்கள்’ என்று எழுதியவருக்கு ஒரு வகையில் நியாயமும் உண்டு என்பதைச் சொல்லாமல் போகக்கூடாது. யூதர்கள் கிணறுகளில் விஷம் கலந்துவிட்டார்கள் என்ற புரளி கிளம்பியது. 1349 பிப்ரவரி 14ஆம் தேதி ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில், அங்கே இன்னும் பிளேக் வரவே இல்லை, நூற்றுக்கணக்கான யூதர்களை உயிரோடு எரித்தார்கள். யூதர்களும் இதே நோயில்தான் சாகிறார்கள், அவர்கள் எப்படிக் காரணமாக முடியும் என்று போப்பாண்டவர் ஆறாம் கிளெமென்ட் எழுதிப் பார்த்தார். கேட்கவில்லை. சாவு பயம் வந்தால் மனிதன் பக்கத்து வீட்டுக்காரனைத்தான் முதலில் பார்க்கிறான். தப்பித்தவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள், மிஞ்சிய ஏழைகளை ‘மோசமானவர்கள்’ என்று சொன்னதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. அவர்கள் கூடுதல் கூலி கேட்டார்கள்.

நினைத்துப் பாருங்கள். கதிர் முற்றி நிற்கிறது. அறுக்க ஆள் இல்லை. ஒரு பென்னிக்கு வந்துகொண்டிருந்தவன் இரண்டு பென்னி கேட்கிறான். இல்லையென்றால் பக்கத்துப் பண்ணைக்குப் போய்விடுகிறான். அங்கே மூன்று பென்னியும் மதியச் சாப்பாடும் கிடைக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கை கட்டி நின்றவனுக்கு, வாழ்க்கையில் முதல் முறையாக ‘முடியாது’ என்று சொல்ல ஒரு வாய்ப்பு.

அரசாங்கம் இதை எப்படிப் பார்த்தது? செத்தவர்களைப் புதைத்து முடிப்பதற்குள், 1349 ஜூன் 18ஆம் தேதி, எட்வர்ட் ஓர் அவசர ஆணை போட்டார். கொள்ளை நோய்க்கு முன்பு, அதாவது தன் ஆட்சியின் 20ஆம் ஆண்டில் என்ன கூலியோ அதற்குமேல் யாரும் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. 60 வயதுக்குக் கீழே, உடம்பில் தெம்புள்ள, சொந்தமாக நிலமோ தொழிலோ இல்லாத ஆணும் பெண்ணும் கூப்பிட்டால் வேலைக்கு வந்தே ஆக வேண்டும். 1351இல் நாடாளுமன்றம் இதையே தொழிலாளர் சட்டமாக்கியது. கூலிப் பட்டியலே இருக்கிறது. வைக்கோலுக்குப் புல் உலர்த்துபவருக்கு நாளுக்கு 1 பென்னி. அறுப்புக்கு ஆகஸ்ட் முதல் வாரம் 2 பென்னி, அடுத்த வாரம் 3 பென்னி. தலைமைத் தச்சருக்கு 3, மற்றத் தச்சருக்கு 2. சிற்பக்கல் கொத்தனாருக்கு 4. ஓடு வேய்பவருக்கு 3, அவருடைய கையாளுக்கு ஒன்றரை.

அரசு வேலையில் இருந்தவர்களுக்கு இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒரு சிரிப்பு வரும். நம் பொதுப்பணிகளில் இருக்கும் ‘ஷெட்யூல் ரேட்’ புத்தகம்தான் இது, கொஞ்சமும் மாறவில்லை.

மறுத்தவர்களைப் பூட்டி வைக்க ஊருக்கு ஊர் மரச்சட்டம் செய்து வைக்க வேண்டும் என்றது சட்டம். இரண்டு பலகைகளுக்கு நடுவே காலை நுழைத்துப் பூட்டிவிடுவார்கள். வசூலான அபராதத்தை அந்தந்தப் பகுதியின் போர் வரிக்குக் கழித்துக்கொள்ளலாம் என்றும் ஓர் ஏற்பாடு. அதாவது கூலிக்காரனிடம் பிடுங்கிய காசில் பக்கத்து வீட்டுக்காரனின் வரிச்சுமை குறையும். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்! கூலி கேட்டவனையும் கொடுத்தவனையும் தண்டிப்பதாக ஆணை சொன்னாலும், வழக்குகள் பெரும்பாலும் கேட்டவன் மேல்தான். அதுவும் போதாமல், 1361இல், வேலையை விட்டு ஓடிப்போனவனின் நெற்றியில் சூட்டுக்கோலால் எழுத்துக் குறி போடலாம் என்று இன்னொரு சட்டம். 1363இல் உடைக்கும் சட்டம் வந்தது. வண்டிக்காரனும் உழவனும் முரட்டுக் கம்பளித் துணி தவிர வேறு உடுத்தக்கூடாது. கையில் நாலு காசு புரள ஆரம்பித்ததும் அவர்கள் நல்ல துணி வாங்கிக் கட்டியிருக்கிறார்கள். அது பலருடைய கண்ணை உறுத்தியிருக்கிறது. அமல்படுத்த முடியாமல் ஒன்றிரண்டு ஆண்டுகளிலேயே அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

இந்த இடத்தில்தான் ஆஷ்வெல் சுவரின் இரண்டாவது செய்தி வருகிறது. 1362 ஜனவரி நடுவில் அடித்த புயலில் தென் இங்கிலாந்து முழுவதும் கோபுரங்களும் கூரைகளும் போயின. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஓடும் வேண்டும், ஓடு வேய ஆளும் வேண்டும். ஏற்கெனவே ஆட்கள் பாதிதான். இயல்பாகவே விலை ஏறியது. மன்னர் உடனே ஓர் ஆணை அனுப்பினார். புயலைக் காரணம் காட்டி ஓட்டின் விலையையோ ஓடு வேய்பவர்களின் கூலியையோ ஏற்றக்கூடாது.

சட்டம் இருந்தது. ஆனால் நடந்தது என்ன? பிரபுக்களே மீறினார்கள். நாடாளுமன்றத்தில் கூலியைக் கட்டுப்படுத்தச் சொல்லிக் குரல் கொடுத்தவர், வீட்டுக்கு வந்து தன் கதிர் உதிர்ந்துவிடுமே என்று ரகசியமாக ஒரு பென்னி கூட்டிக் கொடுத்தார். அந்தக் காலப் பண்ணைக் கணக்குச் சுருள்கள் சிலவற்றில், உண்மையில் கொடுத்த கூலியை முதலில் எழுதி, பிறகு அதை அடித்துவிட்டு, சட்டப்படியான குறைந்த தொகையை எழுதி வைத்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் தோரல்ட் ராஜர்ஸ் என்ற பொருளாதார அறிஞர் அந்தச் சுருள்களை ஆயிரக்கணக்கில் படித்து இதைக் கவனித்தார். அடித்தல் திருத்தல் இருக்கும் கணக்கில்தான் உண்மை இருக்கும் என்பது, கணக்குப் பார்த்தே காலம் கழித்த எங்களைப் போன்றவர்களுக்குத் தெரிந்த விஷயம். இன்னொன்றும் தெரியும். ஒரே உத்தரவை 1349, 1351, 1361, 1388 என்று மறுபடி மறுபடி போட வேண்டியிருந்தால், அந்த உத்தரவு நடக்கவில்லை என்று அர்த்தம்.

இதே காலத்தில் பிரான்ஸ் என்ன பாடுபட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1356இல் புவாத்தியே என்ற இடத்தில் நடந்த சண்டையில், பிரான்ஸ் மன்னர் இரண்டாம் ஜானையே இங்கிலாந்துக்காரர்கள் சிறைபிடித்துவிட்டார்கள். அவரை மீட்க 30 லட்சம் பொற்காசு என்று 1360இல் ஒப்பந்தமானது. அதைக் கட்டுவது யார்? வரி கட்டுகிற குடியானவன்தான். சம்பளம் நின்றுபோன போர்வீரர் கும்பல்கள் கிராமங்களைக் கொள்ளையடித்தன. எங்களைக் காப்பாற்றத்தானே உங்களுக்கு நிலமும் பட்டமும் கொடுத்திருக்கிறது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று குடியானவர்கள் பிரபுக்களைப் பார்த்துக் கேட்டார்கள். 1358 மே மாதக் கடைசியில் பாரிஸுக்கு வடக்கே கலகம் வெடித்தது. மாளிகைகள் எரிந்தன, பிரபு குடும்பங்கள் கொல்லப்பட்டன. அவர்கள் தலைவர் கியோம் கால் என்பவரைப் பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்துப் பிடித்துக் கொன்றார்கள். இரண்டு வாரங்களில் கலகம் அடங்கியது. அதற்குப் பிறகு நடந்த பழிவாங்கல் கலகத்தைவிடக் கொடூரமானது.

இங்கிலாந்தில் குமுறல் வெடிக்க இன்னும் 23 ஆண்டுகள் ஆயின. போர்ச் செலவு முட்டியது. 1377இல் 14 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் தலைக்கு 4 பென்னி கட்ட வேண்டும் என்று தலைவரி போட்டார்கள். 1380 கடைசியில் மூன்றாவது முறையாகப் போட்டபோது அது தலைக்கு 12 பென்னி. சட்டக்கூலிப்படி ஒரு சாதாரணத் தச்சனுக்கு ஆறு நாள் வேலை. மனைவிக்கும் சேர்த்தால் பன்னிரண்டு நாள். ஜனங்கள் ஒன்றும் பேசவில்லை. கணக்கிலிருந்து மறைந்துபோனார்கள். 1377இல் ஏறக்குறைய 13½ லட்சம் பேர் வரி கட்டிய நாட்டில், 1381இல் ஏறக்குறைய 9 லட்சம் பேர்தான் பட்டியலில் இருந்தார்கள். நாலரை லட்சம் பேர் நான்கு ஆண்டில் எங்கே போனார்கள் என்று விசாரிக்க அதிகாரிகள் ஊர் ஊராகக் கிளம்பினார்கள். 1381 மே 30ஆம் தேதி எஸெக்ஸ் பகுதியில் பிரென்ட்வுட் என்ற ஊரில், விசாரிக்க வந்தவரை ஜனங்கள் விரட்டி அடித்தார்கள். அங்கே பற்றிய நெருப்பு கென்ட் பகுதிக்கும் தாவியது.

கென்ட் ஜனங்களுக்குத் தலைமை தாங்கியவர் வாட் டைலர். அந்தக் குடும்பப் பெயரின் பொருள் ‘ஓடு வேய்பவர்’ என்பது. கூடவே ஜான் பால் என்ற பாதிரியார். படைத்தவன் யாரையும் அடிமையாகப் படைக்கவில்லை என்று சந்தைகளிலும் தேவாலய வாசல்களிலும் பேசிப் பேசிச் சிறைக்குப் போனவர். ஜூன் 13ஆம் தேதி அவர்கள் லண்டனுக்குள் நுழைந்தார்கள். மன்னரின் சித்தப்பா ஜான் ஆஃப் கான்ட்டின் சவாய் மாளிகை எரிந்தது. மறுநாள் மைல் எண்டில், 14 வயதுப் பையனான மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் அவர்களை நேரில் சந்தித்தார். என்ன கேட்டார்கள் தெரியுமா? பண்ணையடிமைத்தனம் ஒழிய வேண்டும். நிலக்குத்தகை ஏக்கருக்கு 4 பென்னி. யாரும் தன் விருப்பத்தோடு பேசி முடித்த கூலிக்கு மட்டுமே வேலை செய்ய வேண்டும். அவ்வளவுதான். மன்னர் சரி என்று சாசனங்கள் எழுதிக் கொடுத்தார்.

அதே நாளில் கூட்டத்தின் ஒரு பகுதி லண்டன் கோட்டைக்குள் புகுந்து, பேராயரும் தலைமை அமைச்சருமான சட்பரியையும், கருவூல அதிகாரி ஹேல்ஸையும் தலையை வெட்டியது. லண்டனில் பிழைக்க வந்திருந்த ஃபிளாண்டர்ஸ் நாட்டு நெசவாளர்களையும் தேடித் தேடிக் கொன்றது. அவர்களும் உழைத்துச் சாப்பிட்டவர்கள்தான். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். 15ஆம் தேதி ஸ்மித்ஃபீல்டில், பேச வந்த வாட் டைலரை லண்டன் மேயர் வால்வொர்த் வெட்டிச் சாய்த்தார். கூட்டம் கலைந்தது. ஜூலை 2ஆம் தேதி மன்னர் தன் சாசனங்களை ரத்து செய்தார். ஜூலை 15ஆம் தேதி ஜான் பாலைத் தூக்கிலிட்டார்கள்.

தூக்கிலிட்ட இடம் செயின்ட் ஆல்பன்ஸ். ஆஷ்வெல் இருக்கும் அதே ஹார்ட்ஃபோர்ட்ஷயர். அந்த ஊரில் நடந்த ஒரு சம்பவம்தான் இந்தக் கதை முழுவதிலும் என் மனதில் அப்படியே நிற்கிறது.

அங்கே இருந்த பெரிய மடம்தான் ஊருக்கே பிரபு. மாவை மடத்தின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், அதற்கு மடத்துக்குக் கட்டணம். வீட்டில் திரிகை வைத்து அரைக்கக்கூடாது. ஐம்பது வருடங்களுக்கு முன் ஒரு மடாதிபதி, ஊரார் வீடுகளில் இருந்த திரிகைக் கற்களையெல்லாம் பறித்துக்கொண்டு வந்து, மடத்துக் கூடத்தில் தரைக்குப் பாவி வைத்தார். வருகிறவர் போகிறவர் எல்லாம் அதை மிதித்துக்கொண்டு போவார்கள். 1381 ஜூனில் ஊரார் மடத்துக்குள் நுழைந்தபோது, அந்தத் தரையைத் தோண்டிக் கற்களை எடுத்தார்கள். உடைத்து, தேவாலயத்தில் பிரசாத ரொட்டி கொடுப்பதுபோல, ஆளுக்கு ஒரு துண்டாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். தங்கள் தாத்தா பாட்டி வீட்டுத் திரிகை. அவர்கள் தலைவர் வில்லியம் கிரிண்ட்காப் என்பவரையும் பிறகு தூக்கிலிட்டார்கள். இதை எழுதி வைத்தவர் அதே மடத்துத் துறவி வால்சிங்ஹாம். கலகக்காரர்கள்மேல் அவருக்குக் கொஞ்சமும் பரிவு கிடையாது. அப்படிப்பட்டவர் எழுதியதிலேயே இது தெரிகிறது.

அப்படியானால் தோற்றுப்போனார்களா? அன்று தோற்றார்கள். ஆனால் அந்தத் தலைவரியை மறுபடி போட அந்தத் தலைமுறையில் யாருக்கும் தைரியம் வரவில்லை. பண்ணையடிமைத்தனத்தை ஒழிக்க யாரும் சட்டம் போடவும் இல்லை. அது அடுத்த நூறு ஆண்டுகளில் தானாக உதிர்ந்தது. ஆள் வேண்டுமென்றால் பிரபு இறங்கி வர வேண்டியிருந்தது. இலவச வேலைக்குப் பதில் பணக் குத்தகை என்று ஆயிற்று. பண்ணை மன்றச் சுருளில் தன் நிலத்தைப் பற்றி எழுதியிருப்பதன் நகல் ஒன்று குடியானவன் கைக்கு வந்தது. அந்த நகலை வைத்து அவன் உரிமை பேசினான். நகலுக்கு இருக்கும் மதிப்பு, தாலுகா அலுவலகத்தில் காத்துக் கிடந்த எவருக்கும் தெரியும்.

1400களின் தொடக்கத்தில் கட்டட வேலையில் கையாளுக்கு 4 பென்னி, கொத்தனாருக்கு 6 பென்னி என்று கூலி நின்றது. நார்ஃபோக் பகுதியில் செட்ஜ்ஃபோர்டு என்ற பண்ணையின் கணக்குகளை கிறிஸ்டோஃபர் டயர் என்ற வரலாற்றாசிரியர் ஆராய்ந்திருக்கிறார். அறுப்பு ஆட்களுக்குப் போட்ட சாப்பாட்டுக் கணக்கு அது. 13ஆம் நூற்றாண்டில் பார்லி ரொட்டிதான் பிரதானம். இரண்டு ராத்தல் ரொட்டிக்கு ஓரிரு அவுன்ஸ் இறைச்சி. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோதுமை ரொட்டி, இரண்டு ராத்தல் ரொட்டிக்கு ஒரு ராத்தல் இறைச்சி. போர் வென்ற கதை, மன்னர் கதை எல்லாவற்றையும்விட இந்த ஒரு சாப்பாட்டுக் கணக்கு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஆள் குறைந்தாலே கூலி கூடிவிடும், விடுதலை வந்துவிடும் என்று இதைச் சுருக்கிவிடவும் முடியாது. எல்பா நதிக்குக் கிழக்கே, போலந்து, பிரஷ்யா போன்ற இடங்களில் ஆள் பஞ்சம் வந்தபோது, பிரபுக்கள் குடியானவர்களை மேலும் இறுக்கிக் கட்டினார்கள். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் அங்கே பண்ணையடிமைத்தனம் புதிதாகப் பலம் பெற்றது. ஃபிளாரன்ஸ் நகரத்தில் 1378இல் கம்பளித் தொழிலாளர்கள் எழுந்து, மிக்கேலே டி லாண்டோ என்ற கம்பளி சிக்கெடுப்பவரைத் தலைவராக்கி, தங்களுக்கென்று சங்கமும் அமைத்தார்கள். நான்கு ஆண்டுகளில் எல்லாம் பறிபோயிற்று. சாவு ஒரு கதவைத் திறந்து விட்டது, அவ்வளவுதான். அதன் வழியே நடந்தது எஞ்சியவர்கள். பாதிப் பேர் செத்த நாட்டில், தன்னைக் கட்டிப்போட்ட சட்டத்தைத் தினமும் சத்தமில்லாமல் மீறியவர்கள். ஒரு பென்னி கூடக் கேட்டு, கிடைக்காவிட்டால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தவர்கள்.

இப்போது என் கதை.

வேலையில் சேர்ந்த புதிது. தணிக்கைப் பிரிவில் இருந்தேன். கடலோர ஊர் ஒன்றில் புயலடித்துப் பள்ளிக்கூடங்களின் ஓட்டுக் கூரைகள் பறந்துபோயிருந்தன. பழுது பார்த்த கணக்கு என்னிடம் வந்தது. ஓடு வேய்ந்த ஆட்களுக்கு ஷெட்யூல் ரேட்டைப்போல இரண்டு மடங்கு கொடுத்திருந்தார்கள். நான் தணிக்கைத் தடை எழுதினேன். அனுமதிக்கப்பட்ட விகிதத்துக்கு மேல் கூலி வழங்கப்பட்டுள்ளது, கூடுதல் தொகையை உரியவரிடம் வசூலிக்க வேண்டும். அழகான கையெழுத்தில் எழுதினேன். அன்று அதில் எனக்குப் பெருமை.

அந்த ஓவர்சியர் நேரில் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், என்னைப்போல இரண்டு மடங்கு வயது. “சார், ஊரே கூரையில்லாம நின்னுச்சு. எல்லா வீட்டுக்கும் ஆள் வேணும். ரெண்டு மடங்கு குடுத்தும் கெஞ்சித்தான் கூட்டியாந்தேன். பிள்ளைங்க மழையில உக்காந்திருந்துச்சுங்க சார்” என்றார். “ரூல்ஸ்ல இல்லையே, நான் என்ன செய்ய முடியும்?” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் சம்பளத்தில் மாதத் தவணையாகப் பிடித்தம் செய்தார்கள்.

600 வருடங்களுக்கு முன் எட்வர்ட் மன்னர் ஓடு வேய்பவர்களுக்கு எதிராகப் போட்ட ஆணையை, அவர் யாரென்றே தெரியாமல், நான் அமல்படுத்தியிருக்கிறேன். பண்ணைக் கணக்கில் கூலியை அடித்துத் திருத்திய அந்தப் பெயர் தெரியாத கணக்குப்பிள்ளைக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இத்தனை வருடங்களில் விதியைச் சரியாகப் பார்த்தேன் என்றுதான் இதை நினைத்திருந்தேன். யாராவது கேட்டால் ஒரு சாமர்த்தியக் கதையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

அந்த மஸ்டர் ரோல் இப்போது நினைவுக்கு வருகிறது. தொகைக்கு எதிரே வரிசையாகக் கைநாட்டுகள். நீல மையில், சில அழுத்தமாக, சில பாதி பதிந்து. தொகையைத்தான் கூட்டிப் பார்த்தேன். புயலடித்த ஊரில், தன் வீட்டுக் கூரையும் போயிருக்கும் நிலையில், பள்ளிக்கூடத்து முகட்டில் ஏறி உட்கார்ந்தவர்களின் விரல்கள் அவை என்று அன்று தோன்றவில்லை. ஆஷ்வெல் சுவரில் கீறியவர் சொன்ன சாட்சிகள் இவர்களைப் போன்றவர்கள்தான்.

அந்த ஓவர்சியர் இப்போது இருக்க மாட்டார். இருந்திருந்தால், பிடித்தம் செய்த தொகை எவ்வளவு என்று முதலில் கேட்டிருப்பேன். எனக்கு அது நினைவில்லை. அவருக்கு இருந்திருக்கும்.